கடைசிக் காய்

என் வெங்காயக் கடைக்கு நேர் எதிரேதான் கோஸ் லாரி வந்து நிற்கும். பதினாறு வருஷமாக அந்த லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடிதான் வியாபாரம் செய்கிறேன். ஆகவே தராசைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் இந்த மார்க்கெட்டில் கிடையாது. மற்றவர்கள் சொல்லும் கதைகளை நம்பாதீர்கள். அவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு இங்கே இல்லை. மீதிப்பேர் இருந்தார்கள், ஆனால் இருந்ததாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தராசு என்பது அவனுடைய பட்டப்பெயர். ஒரு கோஸைக் கையில் வாங்கி லேசாக ஒரு தடவை எம்பவிட்டுப் பிடித்தால் எடையைச் சொல்லிவிடுவான். "ஒன்னே கால் கிலோ, அஞ்சு கிராம் கூட இருக்கும்" என்பான். மெஷினில் வைத்துப் பார்த்தால் அப்படியே காட்டும். புதிதாக வரும் வியாபாரிகள் பந்தயம் கட்டித் தோற்று, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். முப்பது வயது, ஒல்லி உடம்பு, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த களைப்பே இன்னும் போகலக்கா" என்று நழுவிவிடுவான்.

அந்தத் தங்கச்சியைக் கட்டியவனும் இங்கேதான் வேலை பார்த்தான். இருபத்தாறு வயது, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. தராசுக்கு மாப்பிள்ளை என்பதால் மார்க்கெட்டுக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டான். அறுபது வயது வாட்ச்மேன்கூட "வாங்க மாப்ளே" என்றுதான் கேட்டைத் திறப்பார். நல்ல தோள், சிரித்த முகம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளாமல் ஒரு லாரி இறக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவ்வளவு ஒட்டுதல்.

கோஸை மூட்டை கட்டினால் அடியில் இருப்பது நசுங்கும். அதனால் லாரியில் குவியலாகத்தான் வரும், இறக்குவதும் ஒவ்வொன்றாகத்தான். லாரிக்கு மேலே தராசு. கீழே மாப்பிள்ளை. அவனுக்குப் பின்னால் கடைவாசல் வரைக்கும் இன்னும் மூன்று பேர். தராசு எறிய, மாப்பிள்ளை பிடித்துத் திரும்பி அடுத்தவன் கைக்கு விட, அவன் அதற்கடுத்த கைக்கு விட, காய் கடைக்குள் போய்ச் சேரும். ஒரு லாரிக்கு நாலாயிரம் காய். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே தாளத்தில் ஓடும். யாரும் காயைப் பார்க்கக்கூட மாட்டார்கள், தாளத்தைக் கேட்டே கை நீளும். கூட்டம் இல்லாத நேரத்தில் நானும் அந்தத் தாளத்துக்குத்தான் வெங்காயம் தரம் பிரிப்பேன்.

லாரி காலியாகும்போது ஒரு விளையாட்டு உண்டு. யார் தொடங்கியது என்று தெரியாது, நான் கடை போட வந்தபோதே இருந்தது. கடைசிக் காயைக் கையால் பிடிக்கக் கூடாது. கீழே நிற்பவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மார்பில் வாங்க வேண்டும். வாங்கியபின் சாக வேண்டும். நெஞ்சைப் பிடித்து, தள்ளாடி, வசனம் பேசி, விழுந்து சாக வேண்டும். சாவு நன்றாக இருந்தால் எல்லோரும் கைதட்டுவோம், காய் அவனுக்கு. சாவு சுமார் என்றால் காய் முதலாளிக்கு.

மாப்பிள்ளை அதில் படு கெட்டிக்காரன். ஒரு நாள் போர்க்களத்து ராஜா மாதிரி சாவான், ஒரு நாள் பல் பிடுங்கப் போன இடத்தில் பயத்திலேயே செத்தவன் மாதிரி சாவான். ஒரு தடவை என் கடைவாசல் வரைக்கும் உருண்டு வந்து, "அக்கா, என் பங்கு வெங்காயத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். இங்கே வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் அவன் முந்நூறு தடவைக்குக் குறையாமல் செத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணி இருக்கும். லாரித் தரையில் ஒரே ஒரு காய் மிச்சம். சின்னக் காய். தராசு அதை எம்பவிட்டுப் பார்த்து, "எண்ணூத்தம்பது" என்று கத்தினான். மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தராசு எறிந்தான். பலமாக எறியவில்லை. இதை எந்தக் கோர்ட்டில் ஏறி நின்றும் நான் சொல்வேன். மற்ற நாலாயிரம் காயை எறிந்த மாதிரிதான் இதையும் எறிந்தான். மார்பின் நடுவிலிருந்து கொஞ்சம் இடதுபக்கமாகப் பட்டது. தொப்பென்று ஒரு சத்தம். காய் உருண்டு பெட்டி அடுக்கின் பக்கம் போனது.

மாப்பிள்ளை சிரித்தான். எங்களைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தான். காயை எடுக்க இரண்டு அடி வைத்தான். அப்புறம் முகம் குப்புற விழுந்தான். கையை ஊன்றவில்லை.

நாங்கள் சிரித்தோம். வரிசையில் நின்ற ஒருத்தன், "இன்னைக்கு நடிப்பு சரியில்ல மாப்ளே, வசனமே இல்லையே" என்றான். தராசு லாரிமேல் இடுப்பில் கைவைத்து நின்றபடி, "எந்திரி எந்திரி, இந்தச் சாவுக்கெல்லாம் காய் கிடையாது" என்றான். கீழே கிடந்தவனின் கால் இரண்டு தடவை உதறியது. அதற்கும் சிரித்தோம். பிறகு ஒரு குறட்டைச் சத்தம் வந்தது. "பாருடா, செத்தவன் குறட்டை விடுறான்!" என்று யாரோ சொல்ல, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆமாம், நான்தான். ஒளித்து என்ன ஆகப் போகிறது?

இன்னொரு குறட்டை வந்தது. கொஞ்ச நேரம் தள்ளி இன்னொன்று. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டே போனது. நாங்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்தது வந்ததும் சிரிக்கத் தயாராக நின்றோம். அடுத்தது வரவில்லை. அப்போதும் கொஞ்ச நேரம் நின்றோம். என் கடை ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கியது. அந்தப் பாட்டு தொடங்கும்போதுதான் அவன் விழுந்திருந்தான். பின்னால் அதை வைத்துத்தான் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தராசு லாரியிலிருந்து குதித்தான். மாப்பிள்ளையைப் புரட்டினான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது, கண் திறந்திருந்தது, அந்த வணக்கத்தின் சிரிப்பு உதட்டில் பாதி மிச்சம் இருந்தது. தண்ணீர் தெளித்தோம். விசிறினோம். பேர் சொல்லிக் கூப்பிட்டோம். அவ்வளவு பேர் இருந்தோம், அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரே காரியம் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் தங்கச்சி ஓடி வந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் அழவில்லை. நேராக அண்ணன் முன்னால் வந்து நின்று, "அவரு விழுந்ததும் நீ என்னண்ணா பண்ணே?" என்று கேட்டாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "உடனே குதிச்சு ஓடினேம்மா. என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையாட்டினேன். அதன்பிறகுதான் அவள் அழுதாள்.

போலீஸ்காரர் ஒருவர் எழுத வந்தார். எது பட்டது என்று கேட்டார். "கோஸ்" என்றான் தராசு. "என்னது?" "முட்டைக்கோஸ் சார்." அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? விபத்து என்று எழுதி முடித்தார்கள். தங்கச்சி அன்றிலிருந்து இன்றுவரை கேட்பவர்களிடம் மாரடைப்பு என்றுதான் சொல்கிறாள். உள்ளதைச் சொன்னால் எதிரில் இருப்பவரின் வாய் ஓரம் துடிக்கும்.

மறுநாள் காலை, உடலைப் பரிசோதித்த டாக்டரம்மா தராசையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். சின்ன அறை. மூலையில் ஒரு தொட்டி, அதன் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுதிக்கொண்டே பேசினார்.

"எலும்பு எதுவும் உடையல. மேல ஒரு கன்றல்கூட இல்ல. இதயத்தை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான இதயம்."

"அப்புறம் எதனால செத்தான்?" என்று நான் கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். "இதயம் ஒரு தடவை துடிச்சதும், அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் பண்ணிக்கும். அந்த நேரத்துல ஒரு சின்ன இடுக்கு இருக்கு. ஒரு நொடியை அம்பதா நறுக்குங்க, அதுல ஒரு துண்டு. சரியா அந்தத் துண்டுல, சரியா இதயத்துக்கு மேல ஒரு அடி பட்டா, தாளம் மொத்தமா கலைஞ்சிடும். துடிக்கிறதை விட்டுட்டு வெறுமனே நடுங்கும். நடுங்குற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. பலமான அடிதான் வேணும்னு இல்ல. பந்து பட்டு விழுந்த பிள்ளைங்க இருக்காங்க, முழங்கை பட்டு விழுந்தவங்க இருக்காங்க."

"முந்நூறு தடவை வாங்கியிருக்கான் டாக்டர்" என்றான் தராசு. "முந்நூறு தடவையும் ஒன்னும் ஆகலையே."

"முந்நூறு தடவையும் அந்தத் துண்டுக்கு முன்னாடியோ பின்னாடியோ பட்டிருக்கு."

குழாய் சொட்டியது. தராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குறட்டை விட்டானே என்று கேட்டான். அது மூச்சே இல்லை என்றார் அவர். மூளைக்கு ரத்தம் போகாதபோது உடம்பு தானாக இழுக்கும் இழுப்பாம், காற்று உள்ளே போய்ப் பயனில்லையாம்.

"அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"விழும்போதே நினைவு அணைஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அவருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது, எதுவும் கேட்டிருக்காது." மறுபடி பேனாவை எடுத்தார். "விழுந்த உடனே யாராவது நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருந்து, ஷாக் குடுக்கிற மெஷினும் சீக்கிரம் வந்துட்டா, இதுல பிழைச்சவங்க நிறைய பேர் உண்டு. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நீங்க எப்ப ஆரம்பிச்சீங்க?"

தராசு என் பக்கம் திரும்பினான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்விக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தாளைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு தராசு எறிகிற வேலைக்கு ஏறவே இல்லை. உதிர்ந்த கோஸ் இலையைக் கூட்டி அள்ளுகிற வேலைக்குப் போய்விட்டான். பாதிச் சம்பளம். வேறு ஒருத்தன் லாரிமேல் ஏறினான். விளையாட்டு வேண்டாம் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை, கூடிப் பேசவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு லாரியிலும் கடைசிக் காய் மட்டும் அப்படியே கிடந்தது. மேலே நிற்பவன் அதைத் தொடாமல் இறங்கிவிடுவான். லாரி புறப்படும்போது காலியான லாரித் தரையில் அந்த ஒற்றைக் காய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு இடிக்கிற சத்தம் கேட்கும். கேட் வரைக்கும் கேட்கும். "என்னம்மா, ஒவ்வொரு தடவையும் ஒன்னை மறந்துடுறாங்க?" என்று டிரைவர் என்னிடம் கேட்டார். "வயசாகுதுல்ல, கண்ணு தெரியல" என்று சமாளித்தேன். இறக்குகிறவர்களில் மூத்தவனுக்கு முப்பத்தைந்து வயது.

தராசுக்கு வேறு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. நடுப்பகலில் சுமை தூக்குகிறவர்கள் மூட்டைமேல் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். அவன் ஒவ்வொருத்தனிடமும் போய் மார்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். தூங்குகிறவன் கண்ணைத் திறந்தால் மேலே தராசின் முகம், நெஞ்சில் தராசின் கை. அலறியடித்துக்கொண்டு எழுவார்கள். முதலில் திட்டினார்கள், பிறகு ஒளிந்து தூங்கப் பழகினார்கள். நான் ஒரு மத்தியானம் கல்லாவில் சாய்ந்தபடி கண் அயர்ந்துவிட்டேன். விழித்தால் கழுத்தில் இரண்டு விரல். பொம்பளை என்பதால் கழுத்தோடு நிறுத்தியிருக்கிறான், மரியாதை தெரிந்தவன்.

"உசுரோடதான்டா இருக்கேன், போய்த் தொலை" என்றேன்.

"சரிக்கா" என்றான். ஆனால் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து, "அக்கா, அந்த இடுக்கு இருக்குல்ல, அது எல்லாருக்கும் இப்பவும் திறந்து திறந்து மூடிக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்கும்தான். நாம பேசிக்கிட்டு இருக்கோம்ல, அதுக்குள்ள எத்தனை தடவை திறந்திருக்கும்?" என்று கேட்டான். குரலில் பைத்தியம் எதுவும் இல்லை, கோஸ் எடை சொல்கிற அதே குரல். அன்று முழுக்க என் கை என் மார்பை விட்டு இறங்கவில்லை. சில்லறை கொடுக்கும்போதுகூட இடது கையை அங்கேயே வைத்திருந்தேன்.

தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினால் நடுவில் போய் நின்று பந்தைப் பிடுங்கிக்கொள்வான். 'பந்து போலீஸ்' என்று பேர் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் முதலுதவி சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனான். இடுப்புக்குமேல் மட்டும் இருக்கும் ஒரு ரப்பர் ஆள். வாய் திறந்திருக்கும், கண்ணை வெறுமனே வரைந்திருப்பார்கள். இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நெஞ்சின் நடுவில், வேகமாக, விடாமல் அமுக்க வேண்டும். எனக்கு முப்பது தடவைக்குள் மூச்சு வாங்கிவிட்டது. தராசு அமுக்கத் தொடங்கினான். போதும் என்றார் சொல்லிக் கொடுப்பவர். அவன் நிறுத்தவில்லை. அடுத்த ஆள் காத்திருக்காங்க என்றார். நிறுத்தவில்லை. வியர்வை அந்த ரப்பர் முகத்தில் சொட்டியது. இரண்டு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி நகர்த்தியபோது, "மூணு நிமிஷம் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

அவனை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது எறிந்த எறி இல்லை. அந்த மூன்று நிமிஷமும், ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சியிடம் சொன்ன பொய்யும்தான். அவளோ அந்தப் பொய்யைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். சட்டை தைக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இடது மார்பில் வரும் பையை மட்டும் தைக்கிற வேலை, ஒரு நாளைக்கு நூற்றைம்பது பை. அங்கே கூட வேலை செய்பவர்களிடம், "எங்கண்ணன் கடைசிவரைக்கும் போராடிப் பார்த்துச்சு" என்பாள். தன் பெண்ணிடமும் அதையே சொல்லி வளர்த்தாள். அந்தக் குழந்தை மாமாவின் கையைப் பிடித்து, "அப்பாவைக் காப்பாத்த ஓடின மாமா" என்று சிநேகிதிகளுக்கு அறிமுகம் செய்யும். அன்றெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது.

"சொல்லிடவாக்கா?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

"வாயை மூடிட்டு இரு" என்பேன். "சொல்லிட்டா உன் பாரம் இறங்கிடும், அதைத் தூக்கி அவ தலையில வெப்பே. அவளுக்கு இருக்கிறது போதாதா?" எனக்கு அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. சொன்னால் என் தலையாட்டலும் சேர்ந்து வெளியே வரும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

இப்படி மூன்று வருஷம் போனது. போன மாதம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து தங்கச்சி நேராக என் கடைக்கு வந்தாள். தராசு என் கடைவாசலில் இலைக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தான். கையில் பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்று வைத்திருந்தாள். பெண்ணைப் பந்து விளையாடும் குழுவில் சேர்த்திருக்கிறார்களாம், வீட்டார் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம் என்று வந்திருந்தாள்.

அவன் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். "வேணாம்."

"ஏண்ணா? ஆசைப்படுறா."

"வேணாம்னா வேணாம்மா. பந்து நெஞ்சுல பட்டா?"

"எல்லாப் பிள்ளைங்களும்தான் விளையாடுது."

"எல்லாப் பிள்ளைங்களோட அப்பனும் அப்படிச் சாகல."

"அப்படி ஒன்னு நடந்தா நீ இல்லையா?" என்றாள் அவள். "அன்னைக்கு அவருக்கு ஓடின மாதிரி இவளுக்கு ஓட மாட்டியா?"

தராசு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "டேய்" என்றேன். அவன் கேட்கவில்லை.

"நான் ஓடலம்மா. லாரிமேல நின்னு சிரிச்சுட்டு இருந்தேன். நடிக்கிறான்னு நினைச்சோம். அவன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கிடந்தான், நாங்க குறட்டைன்னு சிரிச்சோம். மூணு நிமிஷம். அப்புறம்தான் இறங்கினேன். உன்கிட்ட சொன்னது பொய்."

அவள் ஒரு வெங்காய மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தாள். கையிலிருந்த படிவத்தை நான்காக மடித்தாள்.

"தெரியும்ணா" என்றாள்.

எந்த நாக்கு நீண்டவன் போய்ச் சொன்னான் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருடி சொன்னது? பேரைச் சொல்லு."

"யாரும் சொல்லலக்கா. நான் பார்த்தேன்." அவள் மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள். "அன்னைக்குப் பாப்பாவுக்கு லேசாக் காய்ச்சல், வீட்டுல இருந்தா. அப்பா சாகுறதைப் பார்க்கணும்னு ஒரே அழுகை. வீட்டுலயும் அடிக்கடி செத்துக் காட்டுவாருல்ல. அதனால அவரு வீடியோ கால் போட்டு, போனைப் பெட்டி அடுக்கு மேல சாய்ச்சு வெச்சுட்டாரு. நீங்க யாரும் கவனிக்கல. அவரு விழுந்ததும் பாப்பா கைதட்டினா. நானும் சிரிச்சேன். நீ மேல நின்னு சிரிக்கிறது தெரிஞ்சுது. அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் சிரிக்கிறப்ப எனக்கு என்ன சந்தேகம் வரும்?"

அவள் மடித்த படிவத்தை மடியில் வைத்தாள்.

"அடுப்புல பால் பொங்குற சத்தம் வந்துச்சு. 'அப்படியே கிடங்க, எனக்கு வேலை இருக்கு'ன்னு சொல்லிட்டு கட் பண்ணிட்டேன்." அவள் குரல் அப்போதும் உடையவில்லை. "ஆஸ்பத்திரியில உன்கிட்ட கேட்டேன்ல, என்ன பண்ணேன்னு. நீ ஓடினேன்னு சொல்லணும்னுதான் கேட்டேன். பொய்னு தெரியும். ஆனா நீ ஓடியிருந்தேன்னா, நான் கட் பண்ணிட்டுப் போனது அவ்வளவு பெரிய தப்பு இல்லைல்ல? அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி வெச்சேன். பாப்பாவுக்கு அன்னைக்குப் பார்த்தது ஞாபகம் இல்ல. இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

தராசு அவள் காலடியில் இலைக் குப்பைமேலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்தது, அவள் கையிலும் அதே அளவு இருந்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் சாதாரணமாக அழுகிறவள் இல்லை, வெங்காயம்கூட என்னை ஒன்றும் செய்வதில்லை.

"ஒன்னே ஒன்னு சொல்லுண்ணா" என்றாள். "நான் கடைசியா சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காதும்மா. விழும்போதே அவனுக்கு எல்லாம் அணைஞ்சிடுச்சு. எதுவும் கேட்டிருக்காது."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் என் முகத்தைப் பார்த்துச் சொன்னே."

"இது நிஜம்மா. டாக்டரே சொன்னாங்க. அக்காவும் இருந்தாங்க, கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையாட்டினேன். சத்தியமாக டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார், என் காதால் கேட்டேன். ஆனால் அன்றைக்கு வராந்தாவில் ஆடியதும் இதே தலைதான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுண்ணா" என்றாள்.

"கேட்டிருக்காதும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவை."

அவன் சொன்னான்.